கீழாநெல்லி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மேலூர் வாசகி: வரப்பில் பறித்த கீழாநெல்லியை நிழலில் உலர்த்தினால் இலையெல்லாம் உதிர்ந்து குச்சிதான் மிஞ்சுகிறது. அதையே பொடிக்கலாமா?

பொடிக்கலாம், பலன் குறைவு. ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின் என்ற லிக்னன்கள் (இந்தச் செடியின் மருந்துச் சத்துகள்) பெரும்பாலும் இலையில்தான் இருக்கின்றன, தண்டில் சொற்பம். காயக் காய இலை கழன்று விழுவது இந்தச் செடியின் சுபாவம். அதனால் வெறுந்தரையில் போடாமல் வெள்ளை வேட்டி விரித்து, ஒரு விரற்கடைக்கு மேல் கனக்காமல் பரப்புங்கள். காய்ந்ததும் வேட்டியோடு மடித்தெடுங்கள், உதிர்ந்ததுதான் சரக்கு. கடையில் வாங்கினாலும் செடிக் கட்டுகளை மட்டும் பார்க்காதீர்கள், சாக்கின் அடியைக் கிளறிப் பாருங்கள்.

சித்திரை வெயில் காலத்தில் நிழலே போதும். ஐப்பசி மழையில்தான் வம்பு. ஈரம் மெதுவாக இறங்கினால் இலையின் சொந்த நொதியே பாலிஃபீனால் என்ற துவர்ப்புச் சத்துகளைப் பழுப்பாக்கிவிடும், பின்னாலேயே பூஞ்சையும் வரும். அப்போது 40 முதல் 45 டிகிரியில் டிரையர் வையுங்கள். கசக்கினால் இலை நொறுங்க வேண்டும், துவளக் கூடாது.

பறிக்கும்போதே காயைத் தடவிப் பார்ப்பது நல்லது. வழவழப்பாக, சிறு காம்போடு இருந்தால் கீழாநெல்லி. சொரசொரவென்று, காம்பில்லாமல் ஒட்டியிருந்தால் அது பக்கத்து இனம்.

மதுரைக் கல்லூரி மாணவர்: இதன் கஷாயத்தை டிபிபிஎச் முறையில் (டிபிபிஎச் என்ற ஊதாப் பொருள் எவ்வளவு மங்குகிறது என்று பார்த்து ஆன்டிஆக்சிடன்ட் திறனை அளப்பது) சோதித்தேன். அளவைக் கூட்டக் கூட்ட, மங்கிய விழுக்காடு இறங்கி, கடைசியில் மைனஸில் போகிறது. ஏன்?

சாறு வேலை செய்யாமலில்லை, கலங்கலாகியிருக்கிறது. கஷாயத்தில் இருக்கும் பிசின் போன்ற மாவுப்பொருள்கள், டிபிபிஎச்சைக் கரைத்திருக்கும் மெத்தனாலைக் கண்டதும் திரிந்து வெண்மையாகும். 517 நானோமீட்டர் ஒளியில் நிறத்தை அளக்கும் கருவி அதையும் நிறமாகவே படிக்கும். கஷாயத்தை முதலில் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றித் தெளிவை எடுங்கள். மெத்தனால் கலந்த பிறகும் கலங்கினால் இன்னொரு முறை சுற்றுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு அளவுக்கும் தனி பிளாங்க் (டிபிபிஎச் சேர்க்காத குழாய்) வேண்டும்: 1 மி.லி. சாறு, 3 மி.லி. வெறும் மெத்தனால். அந்த அளவீட்டைக் கழித்த பிறகே கணக்குப் போடுங்கள். ஒப்பிடுவதற்கான கன்ட்ரோல் குழாயில் சாறுக்குப் பதில் 1 மி.லி. தண்ணீர் ஊற்றுங்கள், தண்ணீருக்குப் பதில் மெத்தனாலை ஊற்றி ஒப்பிட்டால் தப்பு. தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போனால் டிபிபிஎச்சே கரையாமல் படியும் என்பதால் இந்த விகிதத்தைத் தாண்டாதீர்கள்.

100 மி.லி. மெத்தனாலில் 3.94 மி.கி. டிபிபிஎச் போட்டால் 0.1 மில்லிமோலார். அன்றன்றைக்குக் கலந்து, இருட்டில் 30 நிமிடம் வைத்துப் படியுங்கள். ஊதா மங்கி மஞ்சளாக மாறுவது கண்ணுக்கே தெரியும். எல்லாக் குழாயும் ஒரே மஞ்சளானால் சாறு கெட்டி. நீர்த்து மறுபடி செய்யுங்கள். ஐசி50 (டிபிபிஎச்சைப் பாதியாகக் குறைக்கத் தேவையான சாறின் அளவு) சிறியதாக இருந்தால்தான் திறன் அதிகம். இதைத் தலைகீழாக எழுதி வரும் ஆய்வேடுகள் கொஞ்சமல்ல.

இன்னொன்று, உங்கள் ஆய்வேட்டில் ஃபில்லாந்தினைக் காரணம் காட்டாதீர்கள். அது தண்ணீரில் எளிதில் இறங்காது. கஷாயத்தில் இருப்பவை ஜெரானின், கொரிலாஜின் போன்ற டானின்கள், அதாவது துவர்ப்புப் பொருள்கள். டிபிபிஎச்சை மங்கவைப்பவை பெரும்பாலும் அவைதான்.

திருமங்கலம் வாசகர்: ஆன்டிஆக்சிடன்ட் இவ்வளவு இருக்கிறதே, மஞ்சள் காமாலைக்கு இது மட்டும் போதுமா?

போதாது. குழாயில் நிறம் மங்குவது ஒன்று, கல்லீரல் தேறுவது வேறு. 1988-ல் சென்னை ஆய்வாளர்கள் லான்செட் இதழில், ஹெபடைடிஸ் பி கிருமி சுமந்த 37 பேருக்கு 30 நாள் இந்தப் பொடியைக் கொடுத்ததில் 22 பேரிடம் மேற்பரப்பு ஆன்டிஜென் (ரத்தத்தில் கிருமி இருப்பதைக் காட்டும் புரதம்) மறைந்ததாக எழுதினார்கள். பின்னால் வேறிடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. காமாலை பித்தக்கல் அடைப்பாலும் வரும். அதற்கு எந்தக் கீரையும் வழிவிடாது. முதலில் பிலிருபின் (ரத்தத்தில் உள்ள மஞ்சள் நிறமி), கல்லீரல் நொதிகள், ஸ்கேன் மூன்றையும் பாருங்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவரானால் மருத்துவரிடம் சொல்லாமல் கீழாநெல்லியைத் தொடாதீர்கள்.