பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகம்: கேள்வி பதில்

கே: திங்கட்கிழமை ஓர்சே போகலாமா அண்ணா?

ப: திங்கள் விடுமுறை. கையில் திங்கள் மட்டும்தான் என்றால் ஒரான்ஜெரி என்ற இன்னொரு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ஓவியர் மோனேயின் பெரிய அல்லிக்குள ஓவியங்கள் அங்கே. லூவர் அருங்காட்சியகம் செவ்வாயன்று மூடியிருப்பதால் அந்தக் கூட்டமும் ஓர்சேக்கு வரும். ஓர்சே வியாழன் இரவு 9.45 வரை திறந்திருக்கும். மாலை 6 மணிக்கு மேல் போனால் நிம்மதியாகப் பார்க்கலாம்.

கே: மூன்று மணி நேரம்தான் இருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது?

ப: காலை 9.30க்குக் கதவு திறந்ததும் நேரே ஐந்தாம் தளம். கீழே சிற்பங்களைப் பார்த்து நின்றுவிட்டால் கூட்டம் உங்களுக்கு முன்பே மேலே போய்விடும். மோனே வரைந்த ரூவான் நகரத் தேவாலய முகப்புப் படங்களில் ஐந்து ஓர்சேயிடம் உள்ளன. முதலில் பத்தடி தள்ளி நில்லுங்கள், கல்லும் வெயிலும் தெரியும். பிறகு நெருங்குங்கள், வெறும் வண்ணத் திட்டுகள். செல்ஃபோனில் படமெடுத்துவிட்டு நகர்கிறவர்களுக்கு இது கிடைக்காது. ஓவியர் கையெபோத்தின் 'தரை இழைப்பவர்கள்' (1875) படத்தில் ஜன்னல் வெளிச்சம் ஈரத்தரையில் விழுவதுபோல் மினுங்குவதையும், சுருண்டு கிடக்கும் மரச்சீவல்களையும் பாருங்கள். அவர் 1894இல் இறந்தபோது தன் சேகரிப்பை அரசுக்கு எழுதிவைத்தார். அரசு தயங்கித் தயங்கி 40 படங்கள் அளவுக்குத்தான் ஏற்றது. அவைதான் இங்குள்ள இம்ப்ரெஷனிஸ்ட் (கணத்துக்குக் கணம் மாறும் ஒளியை வண்ணத் திட்டுகளால் பிடிக்க முயன்ற ஓவியர்கள்) தொகுப்புக்கு அடித்தளம். கீழ்த்தளத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள்: படங்கள் கடனாக வெளியூர் போகும். ஒரே ஒரு படத்துக்காகப் போகிறவர்கள், அது இப்போது மாட்டப்பட்டிருக்கிறதா என்று அருங்காட்சியக இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கே: வான்கோவின் 'ஸ்டாரி நைட்' எந்த அறை சார்?

ப: அது நியூயார்க்கில். ஓர்சேயில் இருப்பது 1888இல் ரோன் நதிக்கரையில் வரைந்த இரவு. அதுவும் கடன் போகும், இணையதளம் பாருங்கள்.

கே: எனக்கு 22 வயது. இலவசமா?

ப: 18க்குக் கீழ் எல்லோருக்கும் இலவசம். 18 முதல் 25 வரை ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவர்களுக்கு மட்டும். அங்கே படிக்கிறீர்களென்றால் வசிப்பிடச் சான்றை எடுத்துப்போங்கள். ஊரிலிருந்து சுற்றுலா வந்தால் டிக்கெட் வாங்கத்தான் வேண்டும்.

கே: மோனே அல்ல, மானே என்ற ஓவியர்தானே இம்ப்ரெஷனிசத்தின் தந்தை? நீங்கள் அவரை இம்ப்ரெஷனிஸ்டுகளோடு சேர்ப்பதே இல்லையே.

ப: 1874 முதல் 1886 வரை இம்ப்ரெஷனிஸ்டுகள் நடத்திய எட்டுக் கண்காட்சிகளில் ஒன்றில்கூட மானே படம் வைக்கவில்லை. சலோன் என்ற அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியிலேயே வெல்ல வேண்டும் என்று நின்றவர். அவர்கள் பெரும்பாலும் தவிர்த்த கறுப்பு வண்ணத்தையும் கைவிடவில்லை.

கே: ஓவியர் தெகா 'இம்ப்ரெஷனிஸ்ட்' என்ற பெயரையே வெறுத்தாரே, அவரை மட்டும் எப்படிச் சேர்க்கிறீர்கள்? 1874இல் மானே பாரிஸுக்கு அருகே அர்ஜெந்தோயில் மோனேயோடு திறந்தவெளியில் வரைந்தாரே?

ப: வரைந்தார், அந்தக் கோடையில் அவர் வண்ணங்கள் வெளுத்தன, மறுக்கவில்லை. ஆனால் என் அளவுகோல் யார் யாரோடு சேர்ந்து படம் வைத்தார்கள் என்பது. தெகா ஏழு கண்காட்சிகளில் இருந்தார், இன்னொரு ஓவியர் பிஸ்ஸாரோ எட்டிலும். மானேயோ 1882இல்கூட ஃபோலி பெர்ஜேர் மதுக்கூடப் படத்தைச் சலோனுக்குத்தான் அனுப்பினார். அவர்கள் அவரை எவ்வளவு மதித்தார்கள் என்பது வேறு விஷயம்: 1890இல் மோனே நிதி திரட்டி மானேயின் 'ஒலிம்பியா' ஓவியத்தை வாங்கி அரசுக்குக் கொடுத்தார். இல்லையென்றால் அது பிரான்ஸைவிட்டே போயிருக்கக்கூடும்.

கே: அப்படியானால் கண்காட்சிப் பட்டியல்தான் கலை வரலாறா?

ப: இல்லை. ஆனால் 'தந்தை' என்று சொல்வதற்கு முன் 'ஒலிம்பியா'வையும் மோனேயின் ஒரு படத்தையும் ஒரே நாளில் பாருங்கள். ஒளியை இருவரும் கையாளும் விதமே வேறு.

கே: திங்கட்கிழமை திறந்திருக்குமா?

ப: முதல் பதில்.

கே: மோனாலிசா?

ப: லூவர்.

கே: தெகாவின் பேஸ்டல் படங்களை ஏன் இருட்டில் வைத்திருக்கிறார்கள்?

ப: பேஸ்டல் என்பது காகிதத்தில் ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கும் வண்ணத்தூள். வெளிச்சம் கூடினால் நிறம் வெளிறும், காகிதமும் கெடும். அதனால் மங்கலான ஒளியில், மாற்றி மாற்றித்தான் வைப்பார்கள். ஃபிளாஷ் போடாதீர்கள், கண் பழக இரண்டு நிமிடம் கொடுங்கள்.