போனில் டொக்டருக்குத் தோலைக் காட்டும்போது

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். கொழுந்து எடுக்கும் அம்மாவுக்கு இடுப்பைச் சுற்றி நாலு மாதமாகப் படை. பார்மசியில் கொடுத்த டியூபைப் பூசினால் இரண்டு நாளில் அரிப்பு அடங்குகிறது. விட்டால் முன்பைவிடப் பெரிதாக வருகிறது. இப்போது ஆறு வயது மகளும் இராத்திரியில் சொறிந்துகொண்டே இருக்கிறாள். கண்டிக்குப் போனால் அம்மாவுக்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும். ஒன்லைனில் டொக்டரிடம் காட்டினால் சரிவருமா? அதுவரை அம்மாவின் டியூபை மகளுக்கும் பூசலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். பூசாதீர்கள். அம்மாவும் அந்த டியூபைத் தன் பாட்டில் பூசுவதை நிறுத்த வேண்டும். ஆனால் வெற்று டியூபாக இருந்தாலும் அதை எறிந்துவிட வேண்டாம். டொக்டருக்கு அதுதான் முதலாவது தடயம்.

பூசினால் அடங்கி, விட்டால் பெருத்து வருகிற படை என்றால் அந்த டியூபில் அரிப்பையும் தடிப்பையும் அடக்கும் ஸ்டீரொயிட் என்ற மருந்து இருக்கக்கூடும் என்றே முதலில் நினைக்க வேண்டும். பீட்டாமெதசோன், குளோபெட்டசோல் என்ற பெயர்களில் ஒன்று டியூபின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டீரொயிட்டுடன் பங்கசு மருந்தும் அன்டிபயோட்டிக்கும் கலந்த டியூப்களும் விற்பனையில் உண்டு. எந்தப் படைக்கும் இது கேட்கும் என்று நம்பி வாங்குகிறோம். நடப்பது வேறு. படர்தாமரை ஒரு பங்கசுத் தொற்று. அதை எதிர்த்து உடம்பு போராடுவதால்தான் தோல் தடித்து அரிக்கிறது. ஸ்டீரொயிட் அந்தப் போராட்டத்தை அடக்கிவிடுகிறது, பங்கசு தடையில்லாமல் பரவுகிறது. விளிம்பு தடித்து நடுப்பகுதி தெளிந்த அந்த வட்டம்தான் படர்தாமரையின் அடையாளம். மாதக்கணக்கில் ஸ்டீரொயிட் பூசினால் அந்த வட்டமும் கலைந்துபோகும், படத்தில் பார்க்கிற டொக்டருக்கு எக்ஸிமா என்கிற, பங்கசால் வராத அரிப்புப் படை போலத் தோன்றலாம். அதனால்தான் டியூபின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் எழுத்து வாசிக்கக்கூடியதாகப் படம் எடுத்து, எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை தடவை பூசினார் என்பதையும் சேர்த்து அனுப்பச் சொல்கிறோம். இதை மறைத்தால் எவ்வளவு நல்ல டொக்டருக்கும் தவறிப்போகும்.

அம்மாவின் இடுப்பில் ஏன் வந்தது என்பதும் விளங்காத விஷயம் அல்ல. காலையில் பனியிலும் மழையிலும் நனைந்த படங்கு இடுப்பில் இறுக்கிக் கட்டியபடி பின்னேரம் வரை இருக்கிறது. உள்ளே சூடும் ஈரமும், கயிறு உரசும் இடத்தில் தோல் கீறலும். பங்கசுக்கு இதைவிட வசதி வேண்டியதில்லை. படங்குக்கு உள்ளே காய்ந்த பருத்தித் துணி ஒன்றைச் சுற்றி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதை மாற்றிக்கொள்ள முடிந்தால் மருந்தின் வேலை பாதி குறையும். மழை மாதங்களில் உடுப்பு காயாது என்பது தெரியும். அடுப்படியில் தொங்கவிட்டாவது முழுதாகக் காய்ந்த பிறகே உடுக்கட்டும். துவாய் அவருக்கென்று தனியாக இருக்க வேண்டும்.

நேரில் பார்க்காமல் இது படர்தாமரைதான் என்று முடிவு சொல்ல மாட்டோம். டொக்டர் அப்படி முடிவெடுத்தால் குளோட்ரிமசோல் அல்லது டேர்பினாபீன் கிறீம் எழுதக்கூடும். படை தெரிகிற இடத்தில் மட்டும் பூசினால் போதாது. விளிம்புக்கு வெளியே இரண்டு சென்ரிமீற்றர் வரை பூச வேண்டும். அரிப்பு நின்றதும் நிறுத்திவிடக் கூடாது, படை மறைந்த பிறகும் ஒன்றிரண்டு கிழமை தொடர வேண்டும். இங்கேதான் பலருக்கும் பிழைக்கிறது. ஸ்டீரொயிட் பூசிப் பரவின படைக்குக் கிறீம் மட்டும் போதாமல் குளிசையும் தேவைப்படலாம். ஈரல் வருத்தம் இருந்தால், வேறு குளிசை குடிப்பவராக இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். டியூபை நிறுத்தின முதல் சில நாட்கள் அரிப்பு கூடும். புது மருந்து ஒத்துவரவில்லை என்று பயந்து பழைய டியூபுக்குத் திரும்ப வேண்டாம்.

இனி படம் எடுப்பதைப் பற்றி. ஒன்லைன் ஆலோசனை கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

லயத்து அறைக்குள் மின்குமிழ் வெளிச்சத்தில் எடுத்தால் எல்லாத் தோலும் மஞ்சளாகத் தெரியும். பிளாஷ் போட்டால் தடிப்பெல்லாம் தட்டையாகிவிடும். காலை ஒன்பது மணிக்கும் பின்னேரம் மூன்று மணிக்கும் இடையில், மூடுபனி விலகின நேரம் பார்த்து, வாசல் பக்கமோ ஜன்னல் பக்கமோ நின்று எடுங்கள். கமெராக் கண்ணாடியை முதலில் காய்ந்த துணியால் துடையுங்கள். அடுப்புப் புகையும் எண்ணெய்க் கையும் படிந்த கண்ணாடிதான் பல படங்கள் மங்கலாக வருவதற்குக் காரணம். அன்று காலையில் மஞ்சள், வேப்பிலை, பவுடர், கலமைன் எதுவும் பூசியிருக்கக் கூடாது.

ஒரே இடத்துக்கு மூன்று படம் போதும். முதலாவது தூரத்திலிருந்து, இடுப்பு முழுவதும் தெரிய. படை உடம்பில் எப்படிப் பரவியிருக்கிறது, இரண்டு பக்கமும் இருக்கிறதா என்று அதில்தான் தெரியும். இரண்டாவது ஓரடி தூரத்திலிருந்து, பக்கத்தில் ஓர் அடிமட்டமோ நாணயமோ வைத்து. மூன்றாவது சரிவாக, பக்கவாட்டிலிருந்து. தோல் மேலெழும்பி இருக்கிறதா, செதில் உரிகிறதா என்பதை நேராக எடுத்த படம் காட்டாது. இன்னும் கிட்டப் போகாதீர்கள், போன் போகஸ் ஆகாது. மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் சிவப்பு சிவப்பாகத் தெரிவதில்லை, கறுத்தோ ஊதாவாகவோ தெரியும். ஆகவே தொட்டுப் பார்த்து, சூடாக இருக்கிறதா, மேடாக இருக்கிறதா என்று எழுத்தில் சொல்லுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பும்போது சாதாரணப் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். டொகியுமென்ட் ஆக அனுப்பினால் முழுத் தெளிவு கிடைக்கும்.

மலைப்பக்கத்து சிக்னலில் வீடியோ அழைப்பை நம்பித் தோலைக் காட்டுவது வீண். படங்களை முதலில் அனுப்பி, பிறகு சாதாரண அழைப்பில் பேசும் வசதி உள்ள டொக்டரைத் தேர்ந்தெடுங்கள். டேட்டாவும் குறையும். பேசுவதற்கு முன்பே எழுதி வையுங்கள். எப்போது, எந்த இடத்தில் தொடங்கியது, அரிக்கிறதா எரிகிறதா நோகிறதா, இராத்திரியில் கூடுகிறதா, வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது, சீனி வருத்தம் உண்டா, கர்ப்பமா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. பிள்ளை என்றால் நிறை எத்தனை கிலோ. அரிக்கிறது, எரிகிறது இரண்டும் டொக்டருக்கு இரண்டு வெவ்வேறு வருத்தம், அதனால் தமிழில் பேசக்கூடியவரைக் கேட்டு வாங்குவதில் கூச்சம் வேண்டாம்.

மகளின் கதை அம்மாவுடையதாக இருக்க வேண்டியதில்லை. இராத்திரியில் படுத்ததும் கூடுகிற அரிப்பு என்றால் சொறிசிரங்கைத் தேடிப் பார்க்க வேண்டும். விரலிடுக்கு, மணிக்கட்டின் உள்பக்கம், கமக்கட்டு, தொப்புளைச் சுற்றி, குண்டிப்பக்கம். சில மில்லிமீற்றர் நீளத்தில், பென்சிலால் கீறினதுபோல வளைந்த சாம்பல் கோடு ஒன்று தெரிந்தால் அதை விடாதீர்கள், அதைத்தான் படம் எடுக்க வேண்டும். சொறிசிரங்கை உண்டாக்கும் சின்னப் பூச்சி தோலுக்குள் போன பாதை அது.

சொறிசிரங்கு என்று டொக்டர் சொன்னால் வழக்கமாக எழுதுவது 5 வீத பெர்மெத்ரின் கிறீம். இது நன்றாகக் கேட்கிற மருந்துதான், தோற்பது பூசும் முறையால். சொறிகிற ஆளுக்கு மட்டும் பூசினால் பயனில்லை. முதல் தடவை தொற்றினால் அரிப்புத் தொடங்க நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும், அதுவரை சும்மா இருப்பவரும் மற்றவருக்குக் கொடுப்பார். ஆகவே ஒரே கூரையின் கீழ் படுக்கும் எல்லாரும் ஒரே இராத்திரியில் பூச வேண்டும். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகத்தின் அடியிலும் விரலிடுக்கிலும் விடாமல் பூசி, 8 முதல் 12 மணித்தியாலம் வைத்திருந்து கழுவ வேண்டும். நடுவில் கை கழுவினால் கைக்கு மீண்டும் பூச வேண்டும். சோறாக்குகிற அம்மாமார் மறப்பது இதைத்தான். பெரியவருக்கு 30 கிராம் டியூப் ஒன்று, ஆறு வயதுப் பிள்ளைக்கு அரை டியூப் வரை செல்லும். ஏழு நாள் கழித்து மீண்டும் ஒரு தடவை. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் டொக்டரைக் கேட்டே பூசுங்கள்.

போட்ட உடுப்பையும் படுக்கை விரிப்பையும் சுடுதண்ணீரில் துவைக்கலாம். கனத்த கம்பளியை மழையில் யார் துவைப்பது? பொலித்தீன் பையில் கட்டி இறுக்கி நாலைந்து நாள் ஒதுக்கி வையுங்கள். ஆளின் தோல் இல்லாமல் பூச்சி அவ்வளவு நாள் தாக்குப்பிடிக்காது. பூசின பிறகும் இரண்டு மூன்று கிழமை அரிப்பு இருக்கலாம். அதைப் பார்த்து மருந்தை ஒவ்வொரு நாளும் பூசத் தொடங்கினால் தோல் காய்ந்து அரிப்பு இன்னும் கூடும்.

ஒவ்வாமையைப் பற்றியும் கேட்பீர்கள் என்பதால் அதையும் சொல்லிவிடலாம். திடீரென்று எழும்பி மறையும் தடிப்புக்கு ஒன்லைன் ஆலோசனை நன்றாகவே உதவும், ஆனால் டொக்டரைப் பிடிக்கும் நேரத்தில் உடம்பில் ஒன்றும் இருக்காது. எழும்பின உடனே படம் எடுங்கள். ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனையால் கோடு போட்டு நேரத்தைக் குறித்து, அடுத்த நாள் அதே நேரம் பாருங்கள். 24 மணித்தியாலத்துக்குள் கோட்டுக்குள் ஒன்றும் இல்லாவிட்டால் அது சாதாரணத் தடிப்பு. அதே இடத்தில் நின்று, நொந்து, கறுத்த தழும்பு விட்டால் வேறு சோதனை வேண்டும். பிரிட்டோன் என்று வாங்குகிற குளோர்பெனிரமின் நித்திரை வரவைக்கும். சரிவில் நின்று கவ்வாத்து வெட்டுகிறவரும் மெஷினில் நிற்கிறவரும் பகலில் அதைக் குடிப்பது ஆபத்து. லொரடடீன், பெக்சோபெனடீன் போல நித்திரை குறைந்த குளிசையை எழுதும்படி டொக்டரிடம் கேளுங்கள். நூறு சாப்பாட்டுக்கு ஒரே தடவையில் இரத்தம் சோதிக்கிறோம் என்று யாராவது சொன்னால் அந்தக் காசைச் செலவழிக்க வேண்டாம். கையுறை, தலைமுடிச் சாயம், உலோகம் போலத் தொட்டதால் வரும் ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க முதுகில் ஒட்டுப் போட்டு 48 மணித்தியாலம் வைத்துப் பார்க்கும் சோதனை இருக்கிறது. அது போனில் முடியாது.

போனில் முடியாதவை இன்னும் உண்டு. வெளிறின திட்டு ஒன்றில் கண்ணை மூடிக்கொண்டு பஞ்சு நுனியால் தொட்டால் தெரியவில்லை என்றால் நேரே ஆஸ்பத்திரி. தொழுநோயாக இருக்கலாம். அதற்கு மருந்து இலவசம், முழுதாகச் சுகமாகும், பிந்தினால்தான் நரம்பு போகும். காய்ச்சலோடு சூடாகப் பரவும் கால் வீக்கம், புதுக் குளிசை குடித்த பிறகு வாயும் கண்ணும் புண்ணாகித் தோல் கொப்பளிப்பது, இவை அன்றைக்கே போக வேண்டியவை.

குளவி கொட்டின பிறகு உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்து, குரல் மாறி, தலை சுற்றினால் படமும் வேண்டாம், ஒன்லைனும் வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். தோட்டத்தின் பெயரோடு டிவிஷன், எந்த ரோட்டுச் சந்திக்கு வர வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சு முட்டினால் சாய்த்து இருத்தலாம். எழுந்து நடக்க விடாதீர்கள். ஊசி போட்டுத் தெளிந்தாலும் சில மணித்தியாலத்தில் மீண்டும் வரக்கூடும் என்பதால், வார்ட்டில் மறித்தால் வீட்டுக்கு வர அவசரப்பட வேண்டாம்.

டொக்டரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய பெயரையும் பதிவு இலக்கத்தையும் கேளுங்கள். இலங்கை மருத்துவ சபையின் இணையப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். மருந்துச் சீட்டில் அந்த இலக்கம், நோயாளியின் பெயர், வயது, திகதி, எத்தனை நாளைக்கு என்பது எல்லாம் இருக்க வேண்டும். 'ஒரு கிறீம் எழுதியிருக்கிறேன்' என்பதோடு விடாதீர்கள். ஸ்டீரொயிட் இருக்கிறதா, முகத்துக்கும் தொடையிடுக்குக்கும் பூசலாமா, எந்த நாளில் நிறுத்துவது என்று மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மறைவிடப் படங்களைப் பக்கத்து வீட்டுப் போனிலோ கொமினிகேஷன் கடையிலோ இருந்து அனுப்ப வேண்டாம். அம்மா பெண் டொக்டரைத்தான் விரும்புவார் என்றால் பதியும்போதே சொல்லிவிடுங்கள்.

அம்மாவுக்கு இரண்டு கிழமையில் அதே ஜன்னலடியில், அதே மூன்று கோணத்தில் மீண்டும் படம் எடுத்து அனுப்புங்கள். குறையவில்லை என்றால் அந்த டொக்டரிடமே ஒரு கடிதம் கேட்டு வாங்கி, நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ கண்டி தேசிய வைத்தியசாலையிலோ தோல் கிளினிக்குக்குப் போகலாம், அங்கே கட்டணம் இல்லை. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பங்கசு பார்ப்பார்கள். அதனால் போகிற அன்று காலை இடுப்பில் எதையும் பூசாமல், பழைய டியூபை ஒரு பையில் போட்டுக்கொண்டு போகட்டும்.