மருத்துவமனையில் பாட்டும் படமும்: மேடை போடாமல் தொடங்குங்கள்

கேள்வி: எங்கள் ஊர் மருத்துவமனையில் இசை, ஓவிய நிகழ்ச்சிகள் தொடங்க நினைக்கிறோம். நோயாளிகளுக்கு இதனால் உண்மையிலேயே பயன் உண்டா? எப்படித் தொடங்குவது?

பயன் உண்டு. ஆனால் மேடை, மைக், பொன்னாடை என்று போனால் அந்தப் பயன் நோயாளியைத் தவிர மற்ற எல்லோருக்கும் போய்ச் சேரும்.

நான் காட்பாடிக்காரன், பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலூரில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டுக்கும், வெளியே உள்ள காத்திருப்புக் கூடத்துக்கும் வண்ணப் பென்சில்களோடு போய் வருகிறேன். வயலின் வாசிக்கும் நண்பர் ஒருவரும் உடன் வருவார்.

ஆராய்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன், நிர்வாகம் அதைத்தான் கேட்கும். 2015-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் இசை கேட்டவர்களைப் பற்றிய எழுபதுக்கும் மேற்பட்ட சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. வலி குறைந்திருந்தது, பதற்றம் குறைந்திருந்தது, வலி மருந்தின் தேவையும் குறைந்திருந்தது. மருத்துவமனையில் தங்கும் நாள் மட்டும் குறையவில்லை. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ‘கட்டில் சீக்கிரம் காலியாகும்’ என்று ஆசை காட்டினால் பிறகு கணக்குக் கேட்பார்கள். படத்துக்கு எல்லோரும் எடுத்துக்காட்டுவது ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984-இல் சயின்ஸ் இதழில் எழுதியது. பித்தப்பை அறுவை முடிந்தவர்களில், ஜன்னல் வழியே மரம் தெரிந்த அறையில் இருந்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. மொத்தம் 46 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். அதிலும் அவர்கள் பார்த்தது நிஜ மரம், ஓவியம் இல்லை. ஆகவே ஜன்னலோரம் வேப்பமரம் இருக்கிற வார்டில் சுவர்ப் படத்துக்குச் செலவழிக்காதீர்கள், திரைச்சீலையை விலக்கினால் போதும்.

கைவேலையையும் சிகிச்சையையும் சேர்ப்பது வேலூருக்குப் புதிதில்லை. 1946-இல் இங்கே சி.எம்.சி.க்கு, அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு, வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாணை (தசையை எலும்போடு இணைக்கும் நாரை) அறுவை செய்து இடம் மாற்றி நிமிர்த்தினார். விரல் நிமிர்ந்தால் மட்டும் போதுமா? பிழைப்புக்கு ஒரு தொழிலும் வேண்டும், உணர்ச்சி இல்லாத கையைக் காயப்படுத்திக்கொள்ளாமல் வேலை செய்யவும் பழக வேண்டும். அதற்காகவே அவர்களுக்குத் தச்சுவேலையும் மரப் பொம்மை செய்வதும் கற்றுக்கொடுத்தார்கள். அதைக் கலை நிகழ்ச்சி என்று யாரும் அப்போது பெயர் வைத்துக்கொள்ளவில்லை.

எங்கிருந்து தொடங்குவது என்றால், என் அனுபவத்தில் காத்திருப்புக் கூடம்தான். வேலூருக்கு வங்காளம், ஜார்க்கண்ட், அஸ்ஸாம், ஆந்திரா, வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். லாட்ஜில் அறை எடுத்துக்கொண்டு, டோக்கனுக்கும் ரிப்போர்ட்டுக்கும் வாரக்கணக்கில் காத்துக் கிடக்கிறார்கள். நோயாளியையாவது சிஸ்டர் வந்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார். கூட வந்தவரை யார் கேட்பது?

‘வரையுங்கள்’ என்று தாளை நீட்டினால், ‘எனக்கு வராதுங்க’ என்று பின்வாங்குவார்கள். நான் அப்படிக் கேட்பதே இல்லை. சார்ட் பேப்பரில் ஏழு புள்ளி, ஒன்று வரை இறக்கி வைத்து, பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். புள்ளியைப் பார்த்தால் நம் பெண்களுக்குக் கை சும்மா இருக்காது. ஒருமுறை திருப்பத்தூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் சிக்குக்கோலம் இழுத்துக்கொண்டிருந்தார். வங்காளத்துப் பெண் ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு உட்கார்ந்து தாளின் மூலையில் அவர்கள் ஊர் ஆல்பனாவைப் போட ஆரம்பித்தார். அங்கே புள்ளி கிடையாது. அரிசிமாவுக் கரைசலைத் தொட்டு விரலால் கொடியும் இலையுமாக இழுத்துக்கொண்டே போவார்கள். நம் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ‘புள்ளி வெச்சுட்டுப் போடும்மா, கோணலாப் போவுது பாரு’ என்று தமிழிலேயே சொல்ல, அவர் சிரித்துக்கொண்டே வங்காளியில் ஏதோ பதில் சொன்னார். கடைசிவரை புள்ளி வைக்கவே இல்லை. டோக்கன் எண்ணை அழைத்தபோது இருவருக்கும் காதில் விழவில்லை, பக்கத்தில் இருந்தவர்தான் தட்டிச் சொன்னார்.

இசை இதைவிடச் சிக்கலானது. படம் பிடிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருப்பவர் பாட்டிலிருந்து எங்கே எழுந்து போவார்? அதனால் வார்டுக்குப் பொதுவாக ஸ்பீக்கர் வைக்கவே வேண்டாம். கட்டில் கட்டிலாகப் போய், ‘வாசிக்கட்டுமா, வேண்டாமா, என்ன பாட்டு?’ என்று கேட்டு, ஒருவருக்கு மட்டும் கேட்கிற அளவில் வாசிக்க வேண்டும். நோயாளி அறையில் இரவுச் சத்தம் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம் வார்டுகளில் டிராலிச் சத்தமே அதைத் தாண்டும். நம் பங்குக்கு நாமும் கூட்ட வேண்டாம்.

எந்தப் பாட்டு என்பதை நோயாளியே சொல்லட்டும். பக்திப் பாட்டுதான் ஆறுதல் என்று நாமாக முடிவு செய்வது தவறு. எங்கள் பகுதி வார்டுகளில் வாணியம்பாடி, ஆம்பூர் முஸ்லிம்களும் இருப்பார்கள், கிறிஸ்தவர்களும் இருப்பார்கள். அவரவர் பாட்டையே பாடினாலும், சில பாட்டுகள் சாவு வீட்டோடு சேர்ந்தே மனதில் பதிந்திருக்கும். பம்பையும் உடுக்கையும் வட ஆற்காட்டின் பெருமைதான், ஆனால் அவை சாமியை அழைக்கிற வாத்தியம். இதய வார்டில் அதற்கு என்ன வேலை? கேட்டால் பாதிப் பேர் எண்பதுகளின் சினிமாப் பாட்டைத்தான் சொல்கிறார்கள். ‘வேண்டாம்’ என்று சொல்பவரை வற்புறுத்தவே கூடாது. ஊசி, மருந்து, ஸ்கேன் எதையும் மறுக்க முடியாத இடத்தில் அவரால் மறுக்க முடிந்தது இது ஒன்றைத்தான்.

சுவர்ப் படம் மாட்டுவதானால் ஸ்ட்ரெச்சரில் ஒருமுறை படுத்துப் பாருங்கள். சுவரில் இருப்பது, வந்து போகிறவருக்குத்தான் தெரியும். படுத்திருப்பவருக்குத் தெரிவது கூரையும் டியூப் லைட்டும். ஸ்கேன் அறைக்குப் போகும் வழியில் கூரையில் ஒரு மரக்கிளை போதும். புரியாத நவீன ஓவியம் வேண்டாம், பயந்திருப்பவர் அதில் பயத்தைத்தான் பார்ப்பார். ஏலகிரி, கோட்டை அகழி என்று தெரிந்த இடங்கள் நல்லது. பாலாற்றை வரைந்தால் மட்டும், தண்ணீரோடா மணலோடா என்று உள்ளூர்க்காரர்களிடையே விவாதம் கிளம்பும்.

தொற்று விஷயத்தில் சலுகையே கிடையாது. தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவில் முதலில் அனுமதி வாங்குங்கள். புற்றுநோய்க் குழந்தைகளுக்கு ஆளுக்கொரு புதுப் பென்சில் பெட்டி, அது அவர்களுக்கே. தண்ணீர்க் கிண்ணத்தைப் பொதுவில் வைக்கக் கூடாது. தோல் வாத்தியங்களைக் கிருமிநாசினி போட்டுத் துடைக்க முடியாது, ஆகவே கட்டிலருகே வேண்டாம். படச் சட்டத்தில் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போடுங்கள். அப்புறம் ஒன்று, குழந்தைக்கு ஊசிக்குழாய் போடும் முன் ‘எந்தக் கையால் எழுதுவாய்?’ என்று கேட்கச் சொல்லி சிஸ்டர்களிடம் வேண்டிக்கொள்ளுங்கள். முடிகிறபோது மற்றக் கையில் போட்டுவிடுவார்கள்.

ஒரு சங்கத்தார் பேனரோடும் போட்டோகிராபரோடும் வந்து, மொட்டைத் தலைக் குழந்தைகளை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனதை என் கண்ணால் பார்த்தேன். கொண்டுவந்த கிரேயான் பெட்டிகளைப் பிரிக்கக்கூட நேரம் இல்லை அவர்களுக்கு. உங்கள் குழுவில் அப்படி யாராவது இருந்தால் கேமராவை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். பணம் பெரிதாக வேண்டாம். சார்ட் பேப்பர், பென்சில், வாரம் தவறாமல் அதே கிழமை அதே நேரத்துக்கு வரக்கூடிய இரண்டு பேர், இவ்வளவுதான். அந்த இரண்டு பேர் கிடைப்பதுதான் கஷ்டம், அவர்களைத் தேடிவிட்டு மருத்துவமனைக்கு எழுதுங்கள்.