ஸ்கேன் செய்தால் அதே வைரஸ்: ஹார்டு டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் சின்னதாக ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். கடையில் இருப்பது விண்டோஸ் 11 கம்ப்யூட்டர். ஒரு மாதமாக ஆன்டிவைரஸ் ஓட்டும்போதெல்லாம் ‘சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்’ என்ற ஃபோல்டரில் வைரஸ் இருப்பதாகக் காட்டுகிறது. நீக்கச் சொன்னால் முடியவில்லை என்கிறது. சர்வீஸ் கடையில், ஹார்டு டிஸ்க் போய்விட்டது, புதிது போட 4,500 ரூபாய் ஆகும் என்கிறார்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பதில்: இதற்காக மாற்ற வேண்டாம். அந்தப் பணம் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

புது புரோகிராமோ அப்டேட்டோ ஏற்றும்போது, ஏதாவது கோளாறானால் பழைய நிலைக்குத் திரும்புவதற்காக விண்டோஸ் தன் ஃபைல்களை நகலெடுத்து வைக்கும். இதற்கு ரெஸ்டோர் பாயின்ட் என்று பெயர். நகலெடுத்த நாளில் வைரஸ் இருந்திருந்தால் அதுவும் சேர்ந்தே உள்ளே போய்விடும். அந்த நகல்கள் கிடக்கும் இடம்தான் நீங்கள் சொல்லும் ஃபோல்டர். மற்றவர் கை வைக்க முடியாதபடி விண்டோஸ் அதைப் பூட்டி வைத்திருப்பதால்தான் ஆன்டிவைரஸ் திணறுகிறது. அங்கே கிடக்கும் வைரஸ் தானாக ஓடாது. அந்தத் தேதிக்கு ரெஸ்டோர் செய்தால்தான் திரும்ப வரும். அதனால் இப்போதைக்கு ரெஸ்டோர் மட்டும் செய்துவிடாதீர்கள்.

முதலில் கணக்கு, விண்ணப்பங்களை வேறொரு டிஸ்க்கில் நகலெடுங்கள். அப்புறம் விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸுக்குப் போய் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, சுமார் 15 நிமிடம் ஓடும். டிஃபெண்டர் விண்டோஸோடு வருவது, தனிக்காசு கிடையாது.

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் சுத்தம் என்று தெரிந்த பிறகு பழைய நகல்களை அழிக்கலாம். பலர் எடுத்த எடுப்பிலேயே அழித்துவிடுகிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன், நடுவில் ஏதாவது ஆனால் திரும்ப வழி இருக்காது. ஸ்டார்ட்டில் ‘கிரியேட் எ ரெஸ்டோர் பாயின்ட்’ என்று தேடுங்கள். வரும் பெட்டியில் சி டிரைவைத் தேர்ந்து, கான்ஃபிகர் அழுத்தினால் கீழே டெலீட் இருக்கும். அந்த டிரைவின் எல்லா ரெஸ்டோர் பாயின்ட்டும் போய்விடும். உங்கள் ஃபைல்கள் அப்படியே இருக்கும். சிஸ்டம் புரொடெக்ஷன் ஆனில் இருக்கிறதா என்று பார்த்து, அதே பெட்டியில் கிரியேட் கொடுத்துப் புதிதாக ஒரு பாயின்ட் எடுத்துவிடுங்கள். மறுபடி ஒரு ஸ்கேன்.

உங்கள் தொழிலில் வைரஸ் பெரும்பாலும் வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவில்தான் வரும். எவ்வளவு கூட்டம் நின்றாலும் ஸ்கேன் செய்யாமல் திறக்காதீர்கள்.

டிஸ்க் நிஜமாகவே கெட்டால் அடையாளம் வேறு: டக் டக் சத்தம், ஃபைல் காப்பி ஆகாமல் பாதியில் நிற்பது, அடிக்கடி உறைந்துபோவது. இதில் எதுவும் இல்லாமல் மாற்றச் சொன்னால், டிஸ்க்கின் ஹெல்த் ரிப்போர்ட்டைக் கண்முன்னே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். சரி, ஒருவேளை மாற்றும்படியே ஆனாலும் பில் வாங்குங்கள். பில் இருந்தால்தான் பிற்பாடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் வலுவாகப் பேச முடியும். பழைய டிஸ்க்கையும் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள். எத்தனையோ பேருடைய ஆதார் நகலும் சான்றிதழும் அதில் இருக்கும்.