மேக்ரோ கற்கும் பி.காம். பையனுக்கு வேலை கிடைக்குமா?

அம்மா, மன்னார்குடியில் பி.காம். முடித்த உங்கள் மகன் நாள் முழுக்க எக்ஸெலில் மேக்ரோ (திரும்பத் திரும்பச் செய்யும் வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) எழுதுகிறான், இது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இது மட்டும் என்றால் போடாது. டேலியும் ஜிஎஸ்டியும் கையில் இருக்க, கூடவே இதுவும் தெரிந்தால் அரவை மில், உரக்கடை, ஆடிட்டர் ஆபீஸ் எங்கு போனாலும் காட்ட ஒரு சரக்கு இருக்கும். சான்றிதழுக்குப் பணம் கட்டாதீர்கள். ஓடுகிற கோப்பு ஒன்றைச் செய்யச் சொல்லுங்கள்.

நெல் வரவுப் பதிவேடு நல்ல தொடக்கம். விவசாயி பெயர், ரகம், சிப்பம் மூன்றையும் நிரப்பி ஒரு பட்டனை அழுத்தினால், சிப்பத்துக்கு 40 கிலோ வீதம் குவிண்டால் கணக்கிட்டு அடுத்த வரியில் பதிய வேண்டும். 250 சிப்பம் என்றால் 100 குவிண்டால்.

பட்டன் வைக்க எக்ஸெலின் மேல்பட்டையில் டெவலப்பர் டேப் வேண்டும், அது முதலில் கண்ணில் படாது. ஆப்ஷன்ஸில் கஸ்டமைஸ் ரிப்பன் போய் டிக் செய்ய வேண்டும். அங்கே இன்சர்ட், ஃபார்ம் கண்ட்ரோல் பட்டனை வரைந்ததுமே எந்த மேக்ரோ என்று கேட்கும். அந்தப் பட்டனுக்குப் பின்னணி நிறம் மாற்ற முடியாது. அதனால் வட்டமுனைச் செவ்வகம் ஒன்றை வரைந்து, ரைட் கிளிக், அசைன் மேக்ரோ கொடுப்பதே மேல். அதே இன்சர்ட்டில் இருக்கும் இன்னொரு வகையான ஆக்டிவ்எக்ஸ் பட்டன் வேண்டாம், மேக் கணினியில் ஓடாது.

அசைன் மேக்ரோ பட்டியலில் மேக்ரோ பெயர் வரவில்லையா? பிரைவேட் என்று எழுதியிருப்பான், அல்லது அடைப்புக்குறிக்குள் மதிப்பு கேட்கும்படி வைத்திருப்பான். வரிகளை ஃபில்டர் செய்யும்போது பட்டன் நசுங்கினால், ஃபார்மட்டில் ப்ராப்பர்ட்டீஸ் போய், செல்லோடு நகராமல் அளவும் மாறாமல் இருக்க வைக்கலாம். கோப்பை வழக்கமான எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வகையில் சேமித்தால் மேக்ரோ போய்விடும், மேக்ரோவுக்கான எக்ஸ்எல்எஸ்எம் வகைதான் வேண்டும்.

பெரிய ஆபத்து இரட்டை அழுத்தல். அறுவடை நேரத்தில் வாசலில் டிராக்டர் வரிசையில் நிற்க, கணக்கர் பட்டனை இரண்டு தடவை தட்டிவிடுவார். இல்லாத 100 குவிண்டால் ஏட்டில் ஏறிவிடும். மேக்ரோ செய்த மாற்றத்தைக் கண்ட்ரோல் இசட் போட்டுத் திருப்பவும் முடியாது. ஆகவே பதியும் முன் ‘ஆம், இல்லை’ கேட்கும் பெட்டி வேண்டும். பதிந்ததும் உள்ளீட்டுக் கட்டங்கள் காலியாக வேண்டும். காலியாக இருக்கும்போது அழுத்தினால் எதுவும் பதியக் கூடாது. மேலதிகாரி நிரலைப் படிக்கமாட்டார், இதைத்தான் அழுத்திப் பார்ப்பார்.

நேர்காணலுக்கு மடிக்கணினியோடு போகச் சொல்லுங்கள். கோப்பை மெயிலில் அனுப்பினால் அங்கே மேக்ரோ தடுக்கப்படும். கோப்பின் ப்ராப்பர்ட்டீஸில் அன்பிளாக் டிக் செய்தால் ஓடும். மொபைல் எக்ஸெலில் பட்டன் தெரிந்தாலும் மேக்ரோ ஓடாது.