ஓய்விலும் எரியும் கலோரி: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

கேள்வி: வயது 38, எடை 60 கிலோ, உயரம் 158 செ.மீ. என் ஓய்வுநிலை வளர்சிதை மாற்றம் 1,237 கலோரி என்று ஒரு செயலி காட்டுகிறது. சத்தாகச் சாப்பிட்டால் இது கூடுமா மேடம்?

ஓய்வுநிலை வளர்சிதை மாற்றம் என்பது சும்மா இருக்கும்போதும் உடல் ஒரு நாளில் எரிக்கும் கலோரி. செயலி காட்டிய எண் 1990இல் வந்த மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரம் போட்ட கணக்கு. எடை, உயரம், வயது, ஆணா பெண்ணா என்பதை மட்டுமே அது கேட்கும். தட்டில் என்ன இருந்தது என்று அதற்குத் தெரியாது. உண்மை அளவு வேண்டுமென்றால், இரவு முழுக்கச் சாப்பிடாமல் இருந்து, காலையில் அசையாமல் படுத்தபடி மூச்சுக்காற்றை அளக்க வேண்டும்.

ஓய்வில் அதிகம் எரிப்பவை கல்லீரல், மூளை, இதயம், சிறுநீரகம். ஒரு கிலோ தசை நாளுக்குச் சுமார் 13 கலோரிதான் எரிக்கும். கொழுப்பு அதில் மூன்றில் ஒரு பங்கு. அதனால் எந்த உணவும் உங்கள் எண்ணைத் தூக்கிவிடாது. இருக்கும் தசை கரையாமல் காப்பதுதான் நல்ல உணவின் வேலை.

கேள்வி: நான்கு மாதமாக 800 கலோரி டயட். எடை நின்றுவிட்டது, எந்நேரமும் குளிர்கிறது. வளர்சிதை மாற்றம் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. பஞ்சம் வந்துவிட்டதென்று உடல் சிக்கனம் பிடிக்கிறது. 1944–45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 36 ஆண்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்று உணவு கொடுத்துப் பார்த்தார்கள். ஓய்வில் எரியும் அளவு சுமார் 40 சதவீதம் இறங்கியது. உடல் மெலிந்தது ஒரு காரணம். மிஞ்சிய திசுக்களும் செலவைக் குறைத்துக்கொண்டன. அவர்களும் உங்களைப் போலவே குளிர்கிறது என்றார்கள்.

மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் இந்த டயட்டைத் தொடராதீர்கள், தயவுசெய்து. அவரைப் பார்க்கும்போது தைராய்டு, ரத்தசோகைப் பரிசோதனை பற்றியும் கேளுங்கள். பிறகு உணவைப் படிப்படியாகக் கூட்டுங்கள், முதலில் புரதத்தை.

கேள்வி: கிரீன் டீ, மிளகாய், புரதம் இவை எரியும் அளவைக் கூட்டுமா?

கிரீன் டீ, மிளகாயால் சில மணி நேரத்துக்குச் சொற்ப ஏற்றம், அவ்வளவுதான். புரதத்தைச் செரிக்கவே அதன் கலோரியில் 20–30 சதவீதம் செலவாகிறது. மாவுச்சத்துக்கு 5–10, கொழுப்புக்கு 0–3. ஆனால் இதுவும் சாப்பிட்ட பின் வரும் செலவு. ஓய்வுநிலைக் கணக்கில் சேராது.

கேள்வி: கலோரி ஒன்றுதான் என்றால், பாக்கெட் உணவில் என்ன குற்றம்?

அதே கலோரியில் நிறுத்த முடிகிறதா என்பதுதான் கேள்வி. 2019இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 20 பேரை இரண்டு வாரம் மிகை பதப்படுத்திய உணவிலும், இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவிலும் வைத்தார்கள். வேண்டிய அளவு சாப்பிடலாம். முன்னதில் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. உணவின் தரம் வளர்சிதை மாற்றத்தைவிடப் பசியைத்தான் அதிகம் ஆள்கிறது என்று நான் நம்ப இதுவே பெரிய காரணம்.

கேள்வி: ஆறு வேளையாகப் பிரித்துச் சாப்பிட்டால்?

மொத்தம் அதேதான் என்றால் மாற்றமில்லை.

கேள்வி: அப்பாவுக்கு 68. வயதானால் எரிவது குறையும், கொஞ்சம் சாப்பிட்டால் போதும் என்கிறார்.

பாதி சரி. 6,400 பேருக்கு மேல் அளந்த 2021 ஆய்வில், உடல் அளவைக் கணக்கில் எடுத்தால், 20 முதல் 60 வயது வரை எரியும் அளவு ஏறக்குறைய மாறவில்லை. அதற்குப் பிறகு ஆண்டுக்குச் சுமார் 0.7 சதவீதம் குறைகிறது. ஆனால் புரதத் தேவை குறைவதில்லை. சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால், எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை நாள்தோறும் தேவை. பசி குறைவான அப்பாவுக்குப் பருப்பு, முட்டை, மீன், தயிர் இவற்றில் ஒன்றை முதலில் வையுங்கள். வயிறு நிறைந்தபின் வைத்தால் தொடமாட்டார்.