"90 சதவீதம் முடிஞ்சுடுச்சு" என்று சாஃப்ட்வேர்காரர்கள் மாதக்கணக்கில் சொல்வது ஏன்?

இதற்கு 90-90 விதி என்று கிண்டலாக ஒரு பெயர் உண்டு. அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்துக்காரர் டாம் கார்கில் சொன்னது, 1985-ல் பரவியது. முதல் 90 சதவீத வேலைக்கு 90 சதவீத நேரம், மிச்சம் 10 சதவீதத்துக்கு இன்னொரு 90. கூட்டினால் 180, அதுதான் ஜோக்.

கண்ணுக்குத் தெரியும் திரைகள் சீக்கிரம் தயாராகிவிடும். பணம் கட்டும்போது பாதியில் நெட் போனால்? பொறுமையில்லாத ஒருவர் பட்டனை இரண்டு முறை அழுத்தினால்? இதெல்லாம் கடைசியில்தான் கிளம்பும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று உடையும்.

கிருஷ்ணகிரியில் பெங்களூர் பஸ் ஏறியவர்களுக்கு இது புரியும். ஓசூர் வரை பறக்கும் பஸ், பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பை நெருங்கியதும் நகராது. (கண்டக்டர் மட்டும் "வந்தாச்சு" என்பார்.)

இந்த விதியை அளந்து கண்ட கணக்கு என்றோ, டெவலப்பர் புளுகுகிறார் என்றோ பலர் நினைக்கிறார்கள். இரண்டும் இல்லை, அவர் கண்ணுக்குத் தெரிந்த வேலையில் 90 முடிந்தது நிஜம்தான்.